மதுரையில் ஒரு மெமரி கிளினிக்: அப்பாவோடு போய் வந்ததில் என் மதிப்பீடு

வீட்டில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர் இருந்து, அவருடைய மறதி உங்களைக் கொஞ்சமாவது உறுத்திக்கொண்டிருந்தால், மெமரி கிளினிக்குக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். நான் கொடுப்பது 5-க்கு 4. நாங்கள் போனது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவோடு சேர்ந்த கிளினிக். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. பெரிய ஊர்களில் இந்த மாதிரி கிளினிக்குகள் இப்போது பெருகி வருகின்றன. உள்ளே என்ன செய்வார்கள், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

அப்பாவுக்கு 75 வயது. மதுரை அரசு பஸ் கழகம் பாண்டியன் ரோட்வேஸாக இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகும் வண்டியில்தான் அதிக காலம் ஓடினார். செக்கானூரணிக்கு என்ன, உசிலம்பட்டிக்கு என்ன, ஆண்டிபட்டிக்கு என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த டிக்கெட் விலையை இன்றைக்குக் கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்வார். ஆனால் போன வருடத்திலிருந்து, காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாரா இல்லையா என்பது நினைவில் நிற்கவில்லை. கேஸ் புக் பண்ணச் சொன்னால் சரி என்பார், அதோடு போய்விடும். ஒரே சாயங்காலத்தில் ஒரே கதையை இரண்டு தடவை சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் சொந்தச் சித்தப்பா மகனின் பெயர் வராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “வயசானா அப்படித்தான்மா.”

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பதின்மூன்று, பதினான்கு பேரில் ஒருவர். அந்த ஒருவரிடம் ‘வயசானா அப்படித்தான்’ என்றால் நோய் கவனிப்பில்லாமல் முற்றும். மீதிப் பேரில் சிலருடைய மறதிக்கு இரத்தத்திலோ காதிலோ மாத்திரைப் பெட்டியிலோ காரணம் இருக்கும். அதே வாக்கியத்தைச் சொன்னால், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் விட்டுவிடுவோம். இவர்களைப் பிரித்துக் காட்டுவதுதான் மெமரி கிளினிக்கின் வேலை. அதை அவர்கள் எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பெண்.

போனில் நேரம் வாங்கும்போதே இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார்கள். கூட வருபவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், சும்மா மெடிக்கல் ஷாப்பில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். முதல் நாள் டாக்டர் அப்பாவிடம் பேசிவிட்டு, அவரை வெளியே உட்காரவைத்து என்னிடம் தனியாகப் பேசினார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா, தெரிந்த தெருவில் வழி தவறினாரா, டிவி ரிமோட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பது போல ஏதாவது நடந்ததா, குணம் மாறியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எந்த வயதிலும் உண்டு. சாவி எதற்கு என்பதே தெரியாமல் போவது வேறு. அவர் துருவிக் கேட்டது இந்த இரண்டாவது வகையைத்தான். அப்பாவுக்கு அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. இந்தத் தனிப்பேச்சு நல்ல ஏற்பாடு.

மாத்திரைப் பையிலேயே இரண்டு விஷயம் கிடைத்துவிட்டது. அப்பா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நீண்ட காலம் அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு உடம்பில் வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தால் நரம்பும் நினைவும் தடுமாறும். இது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. ஆனாலும் இதற்கு முன் யாரும் அப்பாவுக்கு அந்தச் சோதனையை எழுதியதில்லை. இரண்டாவது, தூக்கம் வருகிறது என்று ராத்திரியில் அவரே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த சளி மாத்திரை. குளோர்பெனிரமைன் மாதிரியான பழைய வகை அலர்ஜி மருந்துகள், மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கக்கூடியவை. வயதானவர்களுக்கு அந்தக் குழப்பம் அதிகமாகத் தெரியும். “இதை இன்னைக்கே நிப்பாட்டுங்கய்யா” என்றார் டாக்டர். பி12 ரிசல்ட் 148 வந்தது. அந்த லேப் இயல்பின் தொடக்கம் என்று அச்சிட்டிருந்தது 200.

அடுத்து நினைவுச் சோதனை. உளவியலாளர் ஒரு இளம் பெண், முப்பது வயது இருக்கும். அவர் எடுத்தது மோக்கா என்ற 30 மதிப்பெண் சோதனை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், கடிகாரம் வரைந்து சொன்ன நேரத்துக்கு முள் வைக்க வேண்டும், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஐந்து வார்த்தைகளைக் கேட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தேதி, கிழமை, ஊர் எல்லாம் கேட்பார்கள். 26-ம் அதற்கு மேலும் இயல்பு. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். அந்த ஐந்து வார்த்தைகளை நான் இங்கே எழுதமாட்டேன். படித்துவிட்டுப் போனால் சோதனை வீண்.

கழித்தலில் அப்பா 93, 86, 79 என்று மூச்சுவிடாமல் போனார். ஓடுகிற வண்டியில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சில்லறை கொடுத்த கை. வார்த்தைகளில்தான் தடுமாறினார். இரண்டாவது வார்த்தையை வேறு ஏதோவாகச் சொன்னார், நான்காவதைச் சொல்லவே இல்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஐயா, உங்களுக்குக் காது சரியா கேக்குதா?” என்று இந்தத் தடவை சத்தமாகக் கேட்டபோது, “கேக்கும் தாயி, நீ மெதுவா பேசுற” என்றார். அத்தோடு சோதனையை நிறுத்தி, அன்றைய மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதிவைத்து, ஆடியோமெட்ரி என்ற காதுச் சோதனைக்கு அனுப்பினார். “காதுல விழாத வார்த்தைய மூளை எப்படிக்கா ஞாபகம் வச்சுக்கும்?” என்று என்னிடம் சொன்னார். இந்த ஒரு செயலுக்காகவே அந்தக் கிளினிக்கை யாருக்கும் சிபாரிசு செய்வேன். அவசரப்பட்டு ஒரு எண்ணை எழுதிக் கையில் கொடுத்திருந்தால் அப்பா அந்த எண்ணோடேயே வாழ்ந்திருப்பார்.

இரண்டு காதிலும் நடுத்தர அளவுக் குறைபாடு. உட்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. வயதோடு முதலில் போவது உயர்ந்த சுருதிதான். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், ஆனால் ச, த, க மாதிரி எழுத்துகள் கரைந்துவிடும். இஞ்சின் சத்தத்திலும் விசில் சத்தத்திலும் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவருக்கு இது இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். பாதி கேட்டதை மீதி ஊகித்து நிரப்புவதற்கே மூளை உழைத்துக்கொண்டிருந்தால், கேட்டதைப் பதிய வைக்க மிச்சம் எங்கே இருக்கும்? நாங்கள் மறதி என்று நினைத்ததில் ஒரு பங்கு, பதியாமலே போனது.

இதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் கல்விக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைபாடு என்று 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று கணக்குச் சொன்னது. காது கேளாமை அந்தப் பட்டியலில் முக்கியமான ஒன்று. 2023-இல் வெளியான அச்சீவ் என்ற ஆய்வில் 977 முதியவர்களை மூன்று ஆண்டு கவனித்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காது மிஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. இதய நோய்க் காரணிகள் போன்ற ஆபத்து அதிகம் உள்ள பிரிவினரில் மட்டும் அறிவுத்திறன் தேயும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. டாக்டர் இரண்டு பாதியையும் சொன்னார். விற்பதற்காக நல்ல பாதியை மட்டும் சொல்லவில்லை.

வேறொரு நாள், காதில் ஒலிபெருக்கி ஹெட்போன் மாட்டி, வேறு வார்த்தைகளோடு சோதனை எடுத்தார்கள். படிப்புக்கான ஒன்றையும் சேர்த்து 23. ஐந்து வார்த்தையில் தானாக வந்தது இரண்டு. ஆனால் ‘அது ஒரு பூ’ என்பது போலக் குறிப்புக் கொடுத்ததும் இன்னும் இரண்டு வந்துவிட்டன. இது எனக்குப் புது விஷயம். வயதோடு வரும் மறதியில் செய்தி உள்ளே இருக்கும், எடுப்பதற்குத்தான் சிரமம், ஒரு நுனி கொடுத்தால் வந்துவிடும். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் புதிய செய்தி உள்ளே சேர்வதே கெட்டுப்போவதால், குறிப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயன் இருக்காது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார்கள், ஆனால் கவனிக்கும் முக்கியமான அடையாளம்.

எம்ஆர்ஐ பற்றிச் சுருக்கமாக: 6,500 ரூபாய், சத்தத்துக்கு அப்பா பயப்படவில்லை, கட்டியோ இரத்தக் கசிவோ இல்லை, இரத்த அழுத்தத்தால் சிறு இரத்தக் குழாய்களில் வந்த வெள்ளைப் புள்ளிகள் கொஞ்சம். டாக்டர் படத்தைத் திரையில் போட்டு ஹிப்போகேம்பஸைக் காட்டினார். புது நினைவு உருவாக அடிப்படையான பகுதி இது. முதுமையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அப்பாவுக்கு அது வயதுக்கேற்ற அளவில்தான் இருந்தது. பஸ்காரர் என்று தெரிந்ததும் டாக்டர் லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் பற்றிச் சொன்னார். அந்த ஊர்த் தெருக்களையெல்லாம் மனப்பாடமாகப் படித்துத் தேர்வு எழுதித்தான் அவர்கள் உரிமம் வாங்க வேண்டும். மூளை ஆராய்ச்சியாளர் எலினோர் மக்வயரின் குழு 2000-இல் அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டது. 2006-இல் அதே குழு லண்டன் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டபோது, பஸ் ஓட்டுநர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. அப்பா இதை ரசித்துக் கேட்டார். “நம்ம வண்டி போன தடத்துலயே போகும் சார். மண்டைக்கு வேலை டிக்கெட்டுலதான்” என்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கடைசியில் நடந்த குடும்பக் கலந்துரையாடல். அதற்கு 600 ரூபாய் தனிக் கட்டணம். தவறவிடாதீர்கள். நானும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் அப்பாவோடு உட்கார்ந்தோம். தம்பி மகளுக்கு மூன்று வயது, அவளும் வந்திருந்தாள். உளவியலாளர் ஒரு வெள்ளைத்தாளில் நீளமாகக் கோடு போட்டு, வயதுகளைக் குறித்து, எங்கள் நான்கு பேரையும் அந்தக் கோட்டில் வைத்துவிட்டார்.

குட்டியிலிருந்து தொடங்கினார். ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களுடைய அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனாலும் பெரியவர்களைக் கேட்டால் முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகுதான். இவளைத் தை மாதம் தெப்பத் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப் போனோமே, அது இவளுக்குப் பெரியவளானதும் நினைவிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இவள் பேசுகிற தமிழும், யாரிடம் போனால் பயமில்லை என்ற நம்பிக்கையும் இந்த வயதில் படிந்ததுதான். நிகழ்ச்சி நினைவும் பழக்க நினைவும் வேறு வேறு என்பதை இப்படிச் சொன்னதும் அப்பாவுக்கே புரிந்தது.

மகனுக்கு 19. 2015-இல் ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் சோதனை முடிவுகளை வைத்து, எந்தத் திறன் எந்த வயதில் உச்சம் என்று பார்த்தார்கள். தகவலைக் கையாளும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்தைத் தொடுகிறது. குறுகிய கால நினைவு 25 வரை ஏறி, 35 வாக்கில் இறங்கத் தொடங்குகிறது. பிறர் முகத்தைப் பார்த்து மனதை அறிவது நாற்பது, ஐம்பதுகளில்தான் உச்சம். சொல்வளமோ அறுபதுகளின் கடைசியில், எழுபதின் தொடக்கத்தில். எல்லாத் திறனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று உளவியலாளர் சொன்னதும், என் மகன் பைக் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்புறம் நான். எனக்கு 47. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பில்லில் பார்த்த எண் லெட்ஜருக்கு வருவதற்குள் நழுவுவதைக் கொஞ்ச நாளாகக் கவனித்து, எனக்கும் அப்பா மாதிரி வருகிறதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்க எனக்குக் கிடைத்த இடம் இதுதான். இந்த வயதில் தூக்கம் குறைவு, மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து ஹார்மோன் மாற்றம், ஒரே நேரத்தில் நான்கு வேலையைத் தலையில் வைத்திருப்பது எல்லாம் கவனத்தை உடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். கவனம் உடைந்தால் பதிவு உடையும். மாதவிடாய் மாற்றத்தின்போது பல பெண்கள் இதைச் சொல்கிறார்கள், பெரும்பாலும் அது நோயின் தொடக்கம் இல்லை. எனக்குத் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். நம் வீடுகளில் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

கடைசியாக அப்பா. வயதானால் மூளையில் நரம்புச் செல்கள் தினமும் கூட்டமாகச் செத்துப்போகின்றன என்று பரவலாக நம்பப்படுகிறது. இயல்பான முதுமையில் செல் இழப்பு குறைவுதான். செல்களுக்கிடையே உள்ள இணைப்புகள் மெலிவதும், வயருக்கு மேல் போட்ட ரப்பர் மாதிரி நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறை தேய்வதும்தான் அதிகம். அதனால் செய்தி போகிறது, மெதுவாகப் போகிறது. ஆட்களின் பெயர் முதலில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். பெயருக்கும் முகத்துக்கும் நடுவே பொருள் சார்ந்த பிடி எதுவும் கிடையாது. டிக்கெட் விலை மட்டும் எப்படி நிற்கிறது என்று மகன் கேட்டான். முதியவர்கள் நினைவுகூர்வதில் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை தூக்கலாக இருப்பது பல ஆய்வுகளில் பார்த்தது. அதோடு அந்த விலைகளை அப்பா ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை சொல்லியிருக்கிறார். கம்பம் பக்கத்துப் பயணிகளிடம் பழகிய தெலுங்கும் அவருக்கு உண்டு என்றதும், ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 நோயாளிகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வைச் சொன்னார். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது, படிக்காதவர்களிடமும் அப்படியே. வேறு இடங்களில் இந்த முடிவு எப்போதும் வரவில்லை என்றும் சேர்த்தே சொன்னார்.

அப்பாவுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தது எம்சிஐ, லேசான அறிவுத்திறன் குறைவு. டிமென்ஷியா இல்லை. எம்சிஐ உள்ளவர்களில் சிலருக்குப் பின்னால் டிமென்ஷியா வரலாம், சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை.

இனி அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்த கதை. கிளினிக்குக்குள் இருந்த நேர்மை, வாசலில் இருந்த மருந்துக் கவுண்டரில் இல்லை. சீட்டில் எழுதாத ‘பிரெயின் பூஸ்டர்’ கேப்சூல் ஒன்றை மாதம் 1,800 ரூபாய் என்று நீட்டினார்கள். அதில் ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாறு இருந்தது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பகுதியாக இருந்த, 3,069 பேர் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வு 2008-லேயே ஜின்கோ டிமென்ஷியாவைக் குறைக்கவில்லை என்று காட்டிவிட்டது. வல்லாரைத் துவையல் வீட்டில் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதை மருந்தென்று நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே கவுண்டரில் மூளைப் பயிற்சிச் செயலிக்கு வருடச் சந்தா என்று ஒரு நோட்டீஸும் கிடந்தது. 2010-இல் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் இந்த மாதிரி விளையாடிய ஆய்வில், விளையாடிய விளையாட்டில் தேறினார்கள், மற்ற எதிலும் தேறவில்லை. முதியவர்களுக்கான ஆக்டிவ் ஆய்வில் 2,832 பேர் இருந்தார்கள். அதில் பத்து ஆண்டு கழித்தும் தர்க்கப் பயிற்சிக்கும் வேகப் பயிற்சிக்கும் பலன் தெரிந்தது, நினைவுப் பயிற்சிக்குத் தெரியவில்லை. லூமோசிட்டி செயலியின் நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கும் என்பது போல விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. விருப்பம் இருந்தால் விளையாடலாம். மருத்துவமனை வாசலில் வைத்து விற்பது சரியில்லை.

இன்னும் சில. காது கேட்காதவர்கள் காத்திருக்கும் இடத்தில் டிவியைச் சத்தமாக ஓடவிட்டிருக்கிறார்கள். பெயர் கூப்பிடுவது யாருக்கும் விழுவதில்லை, ஒரு டோக்கன் எண் பலகை வைத்தால் போதும். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். தன் மூளையைப் பற்றிய காகிதம் தனக்கே படிக்க முடியாமல் இருப்பது நியாயமில்லை, தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள் என்று கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன். சோதனையைப் பற்றியும் ஒன்று. கனசதுரம் வரைவதெல்லாம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கான வேலை. அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி வந்திருந்தார், பென்சில் பிடித்த பழக்கமே இல்லாதவர். ஒரு மதிப்பெண் கூட்டினால் அது ஈடாகாது. உங்கள் வீட்டுப் பெரியவர் படிக்காதவர் என்றால் முதலிலேயே சொல்லி, அவர்களுக்கேற்ற வேறு சோதனை கேளுங்கள்.

இப்போது அப்பா எப்படி இருக்கிறார்? பி12 ஊசி போட்டு, சளி மாத்திரையை நிறுத்தி, காது மிஷின் மாட்டிச் சில மாதம் ஆகிறது. மிஷின் ஜோடி 48,000 ரூபாய். இந்தக் கணக்கில் அதுதான் கனமான செலவு. முதல் வாரங்களில் பாத்திரச் சத்தம் தலையைப் பிளக்கிறது என்று கழற்றி வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பழக்கினோம். இப்போது போனில் அவரே பேசுகிறார், பேச்சில் கலந்துகொள்கிறார், கதை திரும்ப வருவது குறைந்திருக்கிறது. பெயர்கள் இன்னும் சிக்குகின்றன. மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா வாங்கிவிட்டோம். காலையில் தமுக்கம் பக்கம் நடக்கிறார். ஒரு வருடம் தொடர்ந்து நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானதாக 120 பேரை வைத்து 2011-இல் வந்த ஆய்வை டாக்டர் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் மழை நாளிலும் குடையோடு கிளம்புகிறார்.

செலவு: டாக்டர் கட்டணம் 800, நினைவுச் சோதனை 1,500, காதுச் சோதனை 500, இரத்தச் சோதனைகள் 2,200 சொச்சம். எம்ஆர்ஐயையும் கலந்துரையாடலையும் மேலே சொல்லிவிட்டேன். இவ்வளவு முடியாது என்றால் அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். சென்னைக்காரர்களுக்கு ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா சேவை உண்டு. வழி தெரியாமல் தவிப்பவர்கள் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசிப் பார்க்கலாம். போகும்போது மாத்திரைப் பையோடு, என்ன மறந்தார், எப்போது மறந்தார் என்று ஒரு மாதம் குறித்து வைத்த நோட்டையும் கொண்டுபோங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அடுத்த சோதனை தை மாதம். முடிந்ததும் மதிப்பெண்ணையும், தமிழ் ரிப்போர்ட் கொடுத்தார்களா என்பதையும் இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.